காரம்போர்டு கொட்டகையும் ஒரு பொட்டலம் வெள்ளைப் பொடியும்

எங்கள் ஊரில் வெள்ளைப் பொடியைப் பார்த்துப் பயந்தார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட் பக்கம் குடியிருப்பவன் காலையில் செருப்பை உதறிவிட்டுத்தான் போட்டுக்கொள்வான். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவர்களின் தலைமுடி, புருவம், சைக்கிள் சீட், சாப்பாட்டுத் தூக்கின் மூடி எல்லாம் வெளுத்திருக்கும். களிமண், குவார்ட்ஸ், மாக்கல் என்று லாரி லாரியாக வந்து இறங்குவதெல்லாம் வெள்ளைப் பொடிதான். அதைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு, ஃபியூஸ் கேரியராகவும் கொலு பொம்மையாகவும் அனுப்பித்தான் இந்தப் பக்கம் பல குடும்பங்கள் சோறு தின்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் எங்கள் தெரு, மடித்த காகிதத்துக்குள் இருந்த இரண்டு சிட்டிகைப் பொடியைப் பார்த்து நடுங்கியது. சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது.

நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். தெருவில் என்னைத் தாசில்தார் என்பார்கள். அரசாங்கம் தராத பதவி உயர்வைத் தெரு தந்தது. நான் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை. வேலையில் இருந்த காலம் முழுக்க ஜனங்களின் பயங்களைக் காகிதத்தில் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, உரிய இடத்துக்கு அனுப்பியவன். ஒரு பயம் எப்படி மனுவாகிறது, மனு எப்படி விசாரணையாகிறது, விசாரணை எப்படி 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்ற வரியில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எந்த வரியிலும் படுக்காத பயத்தை ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன்.

எங்கள் தெருவின் கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. உள்ளே நான்கு காரம்போர்டுகள். ஒவ்வொன்றுக்கும் மேலே தகர மூடி போட்ட ஒரு பல்பு. சுவரோரம் பெஞ்சு, வாசலில் டீ அடுப்பு. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வாடகை. அதை நடத்துவது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவருடைய மாமனார் தொடங்கியது, கணவர் கட்டிக்காத்தது. கணவர் ஒரு யூனிட்டில் பொம்மைகளைப் பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கும் வேலை பார்த்துக்கொண்டே சாயங்காலம் கொட்டகையைத் திறப்பார். அவர் இறந்த பிறகு இந்தக் கொட்டகைதான் அந்தப் பெண்ணுக்குச் சோறு. அவர் கணவரும் நானும் ஒரே போர்டில் எதிரெதிரே உட்கார்ந்து வளர்ந்தவர்கள். அதனால் எனக்கு அவர் தங்கச்சி, அவருக்கு நான் அண்ணன். தெருப் பையன்களுக்கெல்லாம் அவர் அக்கா.

டிகிரி முடித்துவிட்டு, கண்ணில் பட்ட பரீட்சைக்கெல்லாம் எழுதிப் போட்டுக்கொண்டிருந்த வருடங்களில் என் சாயங்காலங்கள் அந்தக் கொட்டகையில்தான் கழிந்தன. சூளைகளிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை வாசமும் வாசலில் வேகும் வெங்காய வடை வாசமும் சேர்ந்து ஒரு மணம் வரும். அதை இப்போது எங்கு தேடியும் கிடைக்கவில்லை. சேலம் பாசஞ்சர் ஊதினால் இன்னும் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரம் என்று அர்த்தம். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் யார் சிவப்புக் காயைப் போட்டார்கள், யார் அதற்கு ஃபாலோ போட்டார்கள் என்று ஒருவருக்கும் கேட்காது. கையைக் காட்டித்தான் சண்டை போட வேண்டும். அந்தச் சண்டைகள்தான் நன்றாக இருந்தன.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. போர்டு வழுக்குவதற்குக் கடைப் பவுடரை யாரும் வாங்குவதில்லை. மின்சாரச் சாமான் செய்யும் யூனிட்டுகளில் மாக்கல் பவுடர் கிடக்கும். முகத்துக்குப் போடும் பவுடருக்கு அது அண்ணன் முறை. வேலைக்குப் போகும் அப்பாவோ மாமாவோ ஒரு பிடி கொண்டுவருவார். அதைக் காலண்டர் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். உட்காருகிறவன் தன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை தூவிவிட்டுத்தான் ஆட்டத்தில் சேரலாம். பொட்டலம் இல்லாமல் வருகிறவன் விருந்தாளி. விருந்தாளிக்கு முதல் அடி கிடையாது. செராமிக்கில் சொந்தக்காரர் இல்லாத பையன்கள் வாசலிலேயே யாரிடமாவது ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் நானும் அப்படி வாங்கியவன்தான். ரோட்டில் போகிறவன் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

யோசிக்காததற்குக் காரணம், அப்போது கொட்டகையின் மேல் இருந்த புகார் வேறு. அதன் பெயரே 'உருப்படாதவன் ஆபீஸு'. உள்ளே தங்க மோதிரம் வைத்துச் சூதாடுகிறார்கள் என்று அம்மாக்கள் பேசிக்கொண்டார்கள். எங்களில் ஒருவனிடமும் தங்க மோதிரம் கிடையாது. ஆனாலும் அப்பாக்கள் முறை வைத்து வந்து வாசலில் நின்று இருமிவிட்டுப் போனார்கள். நான் பரீட்சையில் தேறி வேலைக்குப் போன அன்று, 'அந்தக் கொட்டகைக்குப் போகாம இருந்திருந்தா கலெக்டராயிருப்பான்' என்று அப்பா சொன்னார். கடைசி வரை அந்தக் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு வீடியோ கேசட் கடை வந்தது. பையன்கள் அதனால் கெட்டார்கள். பிரவுசிங் சென்டர் வந்தது, அதனால் கெட்டார்கள். அப்படிக் கெட்டுப்போனவர்களெல்லாம் இன்று இதே தெருவில் மாடி கட்டி, கடன் தவணை கட்டிக்கொண்டு, தங்கள் பிள்ளைகள் எதனால் கெடுவார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு அம்மா துணி துவைக்கப் போட்டபோது மகனின் பேண்ட் பையில் ஒரு பொட்டலம் கிடைத்தது. பிரித்தார். வெள்ளைப் பொடி. அவருடைய கணவர் யூனிட்டில் மாவு அரைக்கும் பிரிவில் வேலை செய்பவர். வீட்டில் நடந்த பேச்சை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

"இன்னாய்யா இது?"

"மாக்கல்லு."

"மாக்கல்லுன்னா ஏன் மடிச்சி மறைச்சி வெச்சிருக்கான்?"

"காரம்போர்டுக்குடி. அந்த வயசுல நாங்கூடதான் எடுத்துக்கினு போவேன்."

"நீ எடுத்துக்கினு போனது வேற. இப்ப காலம் இன்னாவா இருக்குதுன்னு உனக்கு இன்னா தெரியும்?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கணவனிடமும் பதில் இல்லை. பொட்டலத்தின் படம் தெருவின் வாட்ஸப் குழுவுக்குப் போனது. 'நம்ம பசங்க பாக்கெட்டில் இது. பெற்றோர் உஷார்' என்று மட்டும் கீழே இருந்தது. அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் கொட்டகை வாசலில் பொட்டலம் கை மாறுவதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அது உண்மைதான், அந்த வாசலில் அது பல வருடமாக மாறிக்கொண்டிருக்கிறது. ஒருவர் வேறு மாநிலத்தில் போதைப்பொருள் பிடிபட்ட செய்தி ஒன்றை எங்கள் தெருச் செய்தி போல அனுப்பினார். ஒருவர் கும்பிடு பொம்மை மட்டும் போட்டார். அதுவும் ஆதரவுக் கணக்கில் சேர்ந்தது.

அதற்கு மேல் ஒரு குரல் பதிவு வந்தது. எங்கள் தெருவில் செராமிக் யூனிட் வைத்திருக்கும் முதலாளியின் குரல். "எல்லாருக்கும் வணக்கம். நான் யாரையும் குத்தம் சொல்லலீங்க," என்று தொடங்கினார். யாரையும் குற்றம் சொல்லவில்லை என்று தொடங்கும் மனுவில் இரண்டாவது பத்தியில் கட்டாயம் ஒரு ஆள் இருப்பார் என்பது என் சர்வீஸ் அனுபவம். இதிலும் இருந்தார். "தெருக்கோடி கொட்டகையில இன்னா நடக்குதுன்னு நாம கேக்கணுமா வேணாமா?" என்று முடித்தார். கொட்டகை நடத்தும் பெண் அந்தக் குழுவில் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வதந்தி என்றால் மறுப்பு அறிக்கை என்பது நான் கற்ற பாடம். 'மேற்படி பொருள் காரம் விளையாட்டுக்குப் பயன்படும் மாக்கல் தூள் என்பதும், இதன்பேரில் பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை என்பதும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது' என்று குழுவில் எழுதினேன். அதுவரை படத்தைப் பார்க்காதவர்களும் மேலே தள்ளிப் பார்த்தார்கள். மறுநாள் காலை பால் வாங்கப் போன இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "தாசில்தாரே மறுப்பு குடுக்கறாருன்னா மேட்டரு பெருசுய்யா."

முதலாளியைப் பார்க்க அவருடைய யூனிட்டுக்குப் போனேன். பாதி அச்சுகள் சும்மா கிடந்தன. அந்த வருடம் ஆர்டர் குறைவு. நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். வெள்ளையாகப் பறந்தது.

"அது உங்க யூனிட்டு பவுடருதானே?" என்றேன்.

"போட்டோவப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு சார். என் மாவு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏங்க அந்த ஆடியோ?"

"பவுடரு நல்ல பவுடரு சார். பசங்க நல்ல பசங்களா இருக்கணுமில்ல?"

"யாராச்சும் தப்பா ஏதாவது செஞ்சாங்களா?"

"செஞ்சிட்டா அப்புறம் பேசி இன்னா சார் பிரயோஜனம்?"

அவருக்கு ஒரே மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். அப்பாவோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை அறைக்கு எடுத்துப் போய்விடுவான் என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவன் வெளியே போகும் ஒரே இடம் கொட்டகைதான். அங்கே போனால் மட்டும் சிரிக்கிறானாம்.

இதெல்லாம் ஏன் கிளம்புகிறது என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. பவுடர் என்னவென்று தெரியாதவர் தெருவில் ஒருவர்கூட இல்லை. அரைத்தவர், மூட்டை தூக்கியவர், விற்றவர் எல்லாரும் தெரிந்தேதான் பயந்தார்கள். 'என் பையன் என்னோடு பேசுவதில்லை' என்று குழுவில் போட முடியாது. 'ஆர்டர் இல்லை, அடுத்த வருடம் என்ன செய்வேனோ' என்று போட முடியாது. 'படித்த பையன் சும்மா இருக்கிறான், அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எந்த அப்பாவும் குரல் பதிவு அனுப்பமாட்டார். வெள்ளைப் பொடி என்று போடலாம். போட்டதும் நாற்பது வீட்டில் இருந்த நாற்பது வேறு வேறு பயங்களும் ஒரே பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டன. தனியாகப் பயந்தவர்கள் கூட்டாகப் பயந்தார்கள். அதில் ஒரு நிம்மதி இருந்தது என்றுகூடச் சொல்வேன். பல வருடம் பேசாதிருந்த இரண்டு குடும்பங்கள் அந்த வாரம் பேசிக்கொண்டன.

அந்த நிம்மதிக்கு யாராவது விலை கொடுக்க வேண்டும். அதற்குத் தோதாகக் கணவன் இல்லாத, வாட்ஸப் இல்லாத ஒரு பெண் தெருக்கோடியில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. கொட்டகையை மூடச் சொல்லிக் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்த் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுப்பது என்று முடிவானது. மனு எழுத என்னைவிட்டால் வேறு யார்? சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். பேனாவைத் திறந்துகொண்டு, முறைப்படி தொடங்கினேன்.

"சரிங்க. நேர்ல பாத்தவங்க யாரு? பேரு, தகப்பனார் பேரு, கதவு எண்ணு சொல்லுங்க."

"எல்லாரும் பாத்ததுதான் சார்," என்றார் ஒருவர்.

"எல்லாரும்னு எழுத முடியாதுங்க. விசாரணைக்குக் கூப்புடுவாங்க. வாக்குமூலம் வாங்குவாங்க. கையெழுத்துப் போடணும்."

"நான் கேள்விப்பட்டதுதான்."

"யாரு சொல்லிக் கேள்விப்பட்டீங்க? அவரு பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"ஐயோ, என் மச்சான் பேரெல்லாம் எழுதாதீங்க சார். அவரு கெவருமெண்டு வேலையில இருக்காரு."

படம் போட்ட அம்மாவைப் பார்த்தேன். "உங்க பையன் பாக்கெட்டுல எடுத்தது. பையன் பேரு முதல்ல வரும்மா. பொருளைக் கைப்பற்றின இடம், உங்க வூடு."

அவர் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். "எங்க வூட்ட ஏன் சார் எழுதறீங்க? கொட்டகைன்னு எழுதுங்க."

"கொட்டகையில யாரும் எதையும் எடுக்கலியேம்மா."

கூட்டத்தில் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு ஒருவர் இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்தவர். கொட்டகையில் என்னோடு ஆடியவர். அவர் மெதுவாக, "பவுடரு எந்த யூனிட்டுலேருந்து வெளிய போச்சுன்னும் எழுதுவீங்களா?" என்றார்.

"மூலம் எழுதாம மனு நிக்காது," என்றேன்.

முதலாளி எல்லாருக்கும் காபி சொன்னார். மனு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் நடக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவனின் வெற்றி என்று எனக்கு உள்ளுக்குள் கர்வம். மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அடுத்த வாரம் கொட்டகைக்காரப் பெண் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"மனு போவலதானேண்ணே?"

"போவலம்மா. போவவும் போவாது."

"அப்ப பசங்க ஏன் வரல?"

நான் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"நாலு போர்டும் சும்மா கெடக்குது. டீப்பாலு திரிஞ்சி ஊத்தறேன். எதுத்த பிளைவுட் கடைக்காரரு கொட்டகைய குடோனுக்குக் கேக்கறாரு. எந்தம்பி சேத்தியாத்தோப்புலேருந்து போன் பண்ணி, மூடிட்டு இங்க வந்துடுன்றான். அவம்பொண்டாட்டி கையால நான் எத்தினி நாளுக்குச் சாப்புடறது? நீங்க சொல்லுங்க."

"பயப்படாதம்மா. ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சி."

"ஒண்ணும் இல்லன்னு யாரு சொல்லணும்ணே? எந்த ஆபீஸுல சொல்லுவாங்க?"

நிலத்துக்கு மேல்முறையீடு உண்டு. தவறான பட்டாவை ரத்து செய்யலாம். இறந்தவர் என்று தவறாக எழுதப்பட்டவரை உயிரோடு இருப்பதாகத் திருத்தி உத்தரவு போட்டிருக்கிறேன். ஒரு கொட்டகையின் மேல் விழுந்த பேச்சை ரத்து செய்ய எந்த அலுவலகத்திலும் பிரிவு கிடையாது. மனுவை நிறுத்தியதில் ஒரு கெடுதலும் இருந்தது. விசாரணை நடந்திருந்தால் 'குற்றச்சாட்டில் உண்மை இல்லை' என்று ஒரு காகிதமாவது கிடைத்திருக்கும். நான் அதற்கும் வழியில்லாமல் செய்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கும் ரயில்வே கார்டுக்கும் ஒரு யோசனை வந்தது. உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. கொட்டகைக்குத் தடையின்மைச் சான்று யாரும் தரமாட்டார்கள் என்றால் நாமே போய்ச் சான்றாக உட்கார்ந்துவிடலாம். கௌரவமான ஆட்கள் தினம் வந்து போகும் இடத்தை யார் தப்பாகப் பேசுவார்கள்?

மறுநாள் சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையில் போய் உட்கார்ந்தோம். காலண்டர் தாளில் பொட்டலமும் கொண்டுபோனோம். யூனிட்டில் வேலை பார்க்கும் கார்டின் மருமகன் கொடுத்தது. தெருவில் எல்லாரும் பார்க்கும்படி வாசலிலேயே பிரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனோம். விரல் மறந்திருந்தது. முதல் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் காயைத் தவிர எல்லாவற்றையும் அடித்தது.

ஒரு வாரம் போனதும் முதலாளி வந்தார். கண்காணிக்க வந்ததாகச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து கண்காணித்தார். பிறகு நின்றுகொண்டு கண்காணித்தார். கடைசியில், "அந்தக் காய அப்பிடி அடிக்கக் கூடாது சார், தள்ளுங்க," என்று என் இடத்தைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் வந்தபோது சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது. சொந்த யூனிட் சரக்கு, நயம் பவுடர். நான்காவது கைக்கு ஆள் இல்லாமல் கொட்டகைக்காரப் பெண்ணையே கூப்பிட்டோம். புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர், நாங்கள் மூன்று பேரும் வாய் பார்க்க, காய்களை வரிசையாகப் போட்டுத் தள்ளினார்.

"எங்க கத்துக்கினீங்க?" என்று முதலாளி கேட்டார்.

"கல்யாணமாயி வந்ததுலேருந்து காலையில இந்தப் போர்டுங்களத் தொடைக்கறது யாருன்னு நெனச்சீங்க? தொடச்சிட்டுச் சும்மாவா போவாங்க?"

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு லேசாகிறது. முதலாளி தோற்றால் போர்டு கோணல் என்பார். கார்டு ஒவ்வொரு காயையும் போடுவதற்கு முன் பச்சைக்கொடி காட்டுவது போலக் கையைத் தூக்குவார். அவர் வேலை பார்த்த வண்டிகள், தாமதங்கள், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் பனியில் நின்ற ராத்திரிகள் என்று பேச்சு போகும். முதலாளி ஒரு நாள் ஸ்ட்ரைக்கரை விரலால் உருட்டிக்கொண்டே, அடிக்காமல், "எம் பையன் எங்கிட்ட பேச மாட்டேன்றான் சார்," என்றார். கொட்டகைக்காரப் பெண் அவருக்கு டீ ஊற்றி வைத்தார். பிறகு அவர் அடித்தார். காய் விழுந்தது. குழுவில் சொல்ல முடியாததை அவர் அந்தப் போர்டின் மேல்தான் சொல்ல முடிந்தது. என் இருபது வயதில் நானும் அப்பாவிடம் சொல்ல முடியாதவற்றை அங்கேதான் சொல்லியிருக்கிறேன்.

தெருவில் பேச்சு அடங்கியது. குழுவில் குடிதண்ணீர் மஞ்சளாக வருகிறது என்ற படம் வந்து, வெள்ளைப் பொடி மேலே போய் மறைந்தது. எங்கள் திட்டம் பலித்துவிட்டது என்று நாங்கள் மூவரும் நம்பினோம். பையன்கள் மட்டும் வரவில்லை. வெயில் காலம், பரீட்சை, கிரிக்கெட் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கண்டுபிடித்தோம்.

ஒரு நாள் நான் சீக்கிரம் போய்விட்டேன். மற்ற இருவரும் வரவில்லை. கொட்டகைக்காரப் பெண் அடுப்பைப் பற்றவைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிளைவுட் கடைக்காரர் முன்பணத்தோடு நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"பேச்செல்லாம் அடங்கிடுச்சேம்மா. இன்னும் கொஞ்ச நாளு பாக்கலாமே."

"அண்ணே, நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்கமாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"பசங்க தெனமும் வராங்கண்ணே. அந்தக் கரண்டு கம்பம் வரைக்கும் வராங்க. எட்டிப் பாக்கறாங்க. உள்ள தாசில்தாரு ஒக்காந்திருக்காரு, கார்டு ஒக்காந்திருக்காரு, முதலாளி ஒக்காந்திருக்காரு. எவன் வருவான்? முதலாளி பையன் நேத்து அந்த மூலையில நின்னு, 'எங்கப்பா போயிட்டாரா அக்கா'ன்னு கேட்டான். ஏழு மணிக்குப் போவாருன்னேன். அப்பிடியே திரும்பிப் போயிட்டான்."

நான் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க மூணு பேரு ஒரு போர்டுல ஒக்காந்து ரெண்டு டீ வாங்கி மூணாப் பிரிச்சிக் குடிக்கறீங்க. எனக்காவதான் வரீங்கன்னு தெரியுது. ஆனா நீங்க வராம இருந்தாத்தான் நான் இங்க இருக்க முடியும்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். என்னை வெளியே போகச் சொன்னதற்காக அழுதாரா, பிளைவுட் கடைக்காரருக்காக அழுதாரா என்று கேட்கவில்லை. எங்கள் அப்பாக்கள் வாசலில் நின்று இருமினார்கள். நாங்கள் உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டோம். அவர்களாவது இருமிவிட்டுப் போனார்கள்.

"கடைக்காரருகிட்ட ஒரு மாசம் டைம் கேளும்மா," என்றேன்.

கார்டிடம் அன்றே சொன்னேன். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "சிக்னல் போட்டாச்சி, நிக்க வேண்டியதுதான்," என்றார். முதலாளியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் பையன் கேட்ட கேள்வியைச் சொல்லாமல் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. சொன்னேன். யூனிட்டில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இருந்த ஒரு உடைந்த பொம்மைக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் போவலன்னா அவன் போவானா சார்?"

"போவான்னுதான் தோணுது."

"சிரிப்பானாமே அங்க," என்றார். பிறகு, "பவுடரு நான் குடுத்தனுப்பறேன். என் பேரச் சொல்லவேணாம்," என்றார். அன்று சாயங்காலம் குழுவில் அவர் குரல் பதிவு ஒன்று வந்தது. குடிதண்ணீர் பற்றியது. கடைசியில், கொட்டகையில் நானே ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன், நல்ல இடம், பெரியவங்க யாரும் அங்கே போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று ஒரு வரி இருந்தது. முறைப்படி பார்த்தால் அதற்கு எண் இல்லை, முத்திரை இல்லை. என் சர்வீஸில் நான் தயாரித்த எந்த உத்தரவும் அவ்வளவு சீக்கிரம் அமலுக்கு வந்ததில்லை.

நான் இப்போது சாயங்காலம் நடப்பதற்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போகிறேன். கார்டும் சில நாள் வருவார். இரண்டு பேருக்கும் சாயங்காலம் நீளமாக இருக்கிறது. வீட்டில் போர்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மனைவி சொல்கிறாள். வீட்டில் போட்டால் அது வெறும் பலகைதான் என்று அவளுக்கு விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை.

போன மாதம் மின்கட்டணம் கட்டிவிட்டு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சுற்றிப் போக முடியாமல் தெருக்கோடி வழியாகவே வந்தேன். கொட்டகைக்குள் நான்கு பல்பும் எரிந்தன. வாசலில் பெரிய பாத்திரத்தில் டீ. உள்ளே பையன்கள் ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்துகொண்டு, கூரைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் மகன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். குடையைப் பார்த்ததும் எவனோ, "டேய், தாசில்தாருடா," என்றான். எல்லாம் நின்றுபோனது. அந்தப் பெண் அடுப்புக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார், உள்ளே கூப்பிடவில்லை. நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு, நிற்காமல் நடந்தேன். திருப்பம் தாண்டிய பிறகுதான் பின்னால் சத்தம் மறுபடி தொடங்கியது.